ஞாயிற்றுக்கிழமைத் தட்டான்கள்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு வாரத்தில் ஆறு நாளும் இருட்டுதான். உயரமான கட்டடங்களின் வயிற்றுக்குள், கிரீஸ் வாடை வீசும் செங்குத்துக் குழிகளில், இரும்புக் கயிறுகளுக்கு நடுவே டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு செய்கிற வேலை. அதனால்தானோ என்னவோ, ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் விடியாததுமாகக் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊருக்கு வெளியே ஓடிவிடுவார். அங்கே பழைய செங்கல் சூளைக்கு மண் வெட்டிய பள்ளம் ஒன்று இருந்தது. சூளையை மூடிப் பல காலமாகி, பள்ளத்தில் மழைத்தண்ணீர் நின்று, கோரை வளர்ந்து, தட்டான்கள் குடியேறியிருந்தன. அவற்றைப் படம் எடுப்பதும், எடுத்த படத்தைக் கணினியில் பெரிதாக்கி, புத்தகத்தோடு ஒப்பிட்டு, இது இன்ன தட்டான் என்று கண்டுபிடிப்பதும்தான் அவருடைய பொழுதுபோக்கு.

பொழுதுபோக்கு என்று அவர் சொல்வார். அவர் மனைவி பைத்தியம் என்பாள்.

அவள் தையல்காரி. புதுத்துணி தைப்பதில்லை. பேன்ட்டுக்கு அடி மடிப்பது, ஜிப் மாற்றுவது, இளைத்தவர்களுக்கு இடுப்பைப் பிடிப்பது, பெருத்தவர்களுக்குப் பிரித்து விடுவது. வீட்டின் முன்னறையே கடை. வேலைக்குப் போகிறவர்கள் எல்லாரும் ஞாயிற்றுக்கிழமைதான் பையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அவளுக்கு மூச்சுவிட நேரமில்லாத அந்த ஒரு நாளைப் பார்த்துத்தான் அவர் கிளம்பிப் போவார்.

"ஒரு ஞாயிறாவது வீட்டுல இருங்களேன். சமையக்கட்டுக் கதவு கீல் கழண்டு தொங்குது. ஊர்ல இருக்கிற லிஃப்ட் கதவையெல்லாம் சரி பண்றீங்க."

"லிஃப்ட் கதவு தொறக்கலன்னா உள்ள ஆள் மாட்டிக்குவாங்கம்மா. நம்ம கதவு மூடத்தானே மாட்டேங்குது? யாரும் மாட்டிக்க மாட்டாங்க."

பேசி அவரை ஜெயிக்க முடியாது. மகள் கல்யாணத்தன்று குடும்பப் படம் எடுக்கிற நேரத்தில் ஆளையே காணோம். தேடிப் போனால், மண்டபத்துக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியோரம் புதுச்சட்டையோடு குப்புறப் படுத்திருக்கிறார். எழுந்து வந்தபோது முன்பக்கம் முழுக்கப் பாசி. அவள் அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை. சம்பந்தி வீட்டார் சிரித்ததுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது.

முன்னெல்லாம் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் கணினியில் உட்கார்ந்து, "ஏம்மா, இங்க வந்து பாரேன். இந்த வால் நுனியில இருக்கிற கொக்கியப் பாரு. இத வச்சுத்தான் இது ஆம்பளைன்னு கண்டுபிடிக்கணும்" என்று கூப்பிடுவார். அவள் தையல் இயந்திரத்திலிருந்து தலையைத் தூக்காமலே, "எல்லாம் ஒரே பூச்சிதான்" என்பாள். கூப்பிடுவது எப்போது நின்றுபோனது என்று அவளுக்குத் தெரியாது.

ஒரு ஞாயிறு காலை, கடையில் ஆள் நிற்கும்போது தொலைபேசி அடித்தது. தெரியாத எண்.

"அம்மா, தட்டான் சார் வீடுங்களா?"

"யாரு வேணும் உங்களுக்கு?"

"நான் பள்ளத்துல தூண்டில் போடுறவன்மா. சார் விழுந்துட்டாரு. பேச்சு வரல, ஒரு பக்கம் இழுக்குது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லியிருக்கேன். அவர் போன்ல 'வீடு'ன்னு போட்டிருந்துது, அதான் என் போன்ல இருந்து அடிச்சேன். சீக்கிரம் வாங்க."

தன் புருஷனுக்குத் தட்டான் சார் என்று ஒரு பெயர் இருப்பதே அப்போதுதான் அவளுக்குத் தெரியும்.

மூளையின் இடப்பக்கத்தில் ரத்தக்கட்டு என்றார்கள். உயிருக்கு ஆபத்து தாண்டிவிட்டது, வலது கையும் காலும் உடனே வராது, பேச்சும் போய்விட்டது. "நாம சொல்றது ஓரளவு புரியும். அவரால சொல்லத்தான் முடியாது" என்றார் மருத்துவர். கொஞ்ச நாள் கழித்து ஒரே ஒரு வார்த்தை மட்டும் திரும்பி வந்தது. அது பெயரும் இல்லை, ஊரும் இல்லை. "அதான்."

பக்கத்துப் படுக்கைக்காரர்களுக்கு அது வேடிக்கையாகக்கூட இருந்தது.

"பசிக்குதாங்க?"

"அதான்."

"அப்ப பசிக்கலையா?"

"அதான்."

வெளியூரிலிருந்து ஓடி வந்த மகள், "அப்பா, நான் யாருன்னு தெரியுதா?" என்று கேட்டாள். அவர் அவள் கன்னத்தை இடது கையால் தடவி, கண்ணில் நீர் வழிய, "அதான், அதான்" என்றார். மகள் வெளியே போய்ச் சுவரில் சாய்ந்துகொண்டு அழுதாள்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஒரு பெண் வாரத்தில் சில நாள் வந்தாள். கல்லூரி முடித்துக் கொஞ்ச காலம்தான் ஆகியிருக்கும், ஆனால் பொறுமைசாலி. அட்டைகளில் படம் காட்டுவாள். தட்டு, சாவி, நாற்காலி. அவர் ஒவ்வொன்றையும் வெறித்துப் பார்ப்பார். நெற்றியில் வேர்க்கும். உதடு எதையோ பிடிக்கப் போவதுபோலக் குவியும். கடைசியில் "அதான்" என்று வந்து விழும். சாவியைப் பார்த்து அப்படிச் சொன்ன ஒருநாள் அவர் அட்டையைப் பிடுங்கி வீசிவிட்டார்.

அந்தப் பெண் அட்டைகளைப் பொறுக்கிக்கொண்டே கேட்டாள். "சாருக்கு ரொம்பப் பிடிச்சது எதுவும் இருக்காம்மா? அதுல ஆரம்பிச்சுப் பார்க்கலாம்."

"என்னைக் கேட்டா? பூச்சிதான்."

அன்று சாயந்திரம் மனைவி அவரைச் சக்கர நாற்காலியில் கணினி முன்னால் உட்காரவைத்தாள். படங்களைத் திறந்தாள். ஆயிரக்கணக்கில் இருந்தன. முதல் படத்தைப் பெரிதாக்கியதும் அவர் முதுகு நிமிர்ந்தது. அவள் புத்தகத்தை மடியில் வைத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். "இதா? இதா?" இல்லை, இல்லை என்று தலை ஆடியது. ஒரு பக்கம் வந்ததும் இடது உள்ளங்கையால் மேசையில் ஓங்கி அடித்தார். அவள் படத்தையும் புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அதே நீல வளையம், அதே பச்சைக் கண்.  ஒரு சாவிக்குப் பெயர் சொல்ல முடியாத மனுஷன், ஒரு பூச்சியின் பக்கத்தைத் தப்பாமல் அடிக்கிறார்.

"சொல்லத்தான் வரல. உள்ள எல்லாம் இருக்கு!" என்று பயிற்சிப் பெண்ணிடம் சொன்னாள்.

"இருக்கும்மா. ஆனா ஒண்ணு, தலையாட்டுறத முழுசா நம்பிடாதீங்க. இவங்களுக்கு ஆமாவும் இல்லையும்கூட சில நேரம் இடம் மாறிப்போகும். சிரிப்பும் அழுகையும்கூட அப்படித்தான். அழுதா துக்கம்னு அர்த்தம் இல்ல. தானா வந்துடும்."

அதற்குப் பிறகு சாயந்திரம் ஆனால் இயந்திரத்துக்கு உறை போட்டுவிட்டு அவள் கணினிக்கு வந்துவிடுவாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இருவரும் சேர்ந்து ஒரு காரியத்தை இவ்வளவு நேரம் செய்ததில்லை. மெலிந்த உடம்போடு இறக்கையை முதுகில் மடித்து உட்கார்வது ஊசித்தட்டான், விரித்தபடியே உட்கார்வது மற்றது என்பது முதலில் புரிந்தது. பிறகு நெஞ்சுப் பக்கத்துக் கோடுகள். பிறகு இறக்கை நுனியில் இருக்கும் சின்னக் கறுப்புக் கட்டம். "பட்டனுக்குக் காஜா எடுத்த மாதிரி இருக்குங்க" என்றாள். அவர் அவளைத் திரும்பிப் பார்த்து மேசையை மெதுவாகத் தட்டினார்.

கேமராவில் கடைசியாக எடுத்த படம் ஒன்று மட்டும் பெயர் தெரியாமல் கிடந்தது. விழுவதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் எடுத்திருப்பார்போல. காய்ந்த கோரை நுனியில் ஒரு மஞ்சள் தட்டான், நேராக லென்ஸைப் பார்த்துக்கொண்டு. முகம் தெரிகிறது, இறக்கை தெரிகிறது. பக்கவாட்டு உடம்பு தெரியவில்லை. அவள் புத்தகத்தில் சிவப்புத் தட்டானின் பக்கத்தில் நின்றாள். கீழே ஓரமாக மஞ்சளாக ஒரு சின்னப் படம் இருந்தது. "இதுவா இருக்குமோ?" அவர் வேகமாகத் தலையை ஆட்டினார். இல்லவே இல்லை. புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை புரட்டினாள். எதுவுமே இல்லை என்று தலையாட்டிவிட்டார். பிறகு இடது கையால் கேமராவைக் காட்டினார். அவளைக் காட்டினார். ஜன்னலுக்கு வெளியே காட்டினார்.

"நானா? எனக்கு அதுல எத அமுக்குறதுன்னே தெரியாது!"

"அதான்!" என்றார் அதட்டலாக.

எதிர் வீட்டு அக்காவை அவருக்குத் துணைக்கு உட்காரவைத்துவிட்டு, அடுத்த ஞாயிறு அவள் பேருந்து ஏறினாள். கடைக்கு வந்தவர்கள் பூட்டைப் பார்த்து முணுமுணுத்துவிட்டுப் போனார்கள் என்று அக்கா பிறகு சொன்னாள். பள்ளத்தோரம் தூண்டில்காரர் அவள் தோளில் இருந்த கேமராவைப் பார்த்து அவளை அடையாளம் கண்டுகொண்டு எழுந்து நின்றார். "சார் எப்படிம்மா இருக்காரு?" சார் விழுந்த இடத்தைக் காட்டினார். அங்கே புல்தான் இருந்தது.

அவள் ஒரு மணி நேரம் குனிந்தாள், நிமிர்ந்தாள், சேற்றில் வழுக்கினாள். கிட்டே போனால் பறந்துவிட்டன. அவள் நிழல் மேலே விழுந்தாலே போதும், பறந்துவிட்டன. வீட்டுக்கு வந்து படங்களைத் திறந்தால் எல்லாம் கோரை. ஒன்றில் மட்டும் ஓரமாகப் பாதி வால் இருந்தது.

"கோரை நல்லா வந்திருக்குல்ல?" என்றாள்.

அவர் சிரித்தார். வாயின் ஒரு பக்கம் மட்டும் மேலே போக, தோள் குலுங்க, சத்தமாக. விழுந்த பிறகு அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. அவளும் சிரித்தாள். அக்கா சமையலறையிலிருந்து ஓடி வந்து, என்னமோ ஏதோ என்று பயந்துபோய்ப் பார்த்தாள்.

அடுத்த ஞாயிறும் போனாள். அதற்கடுத்ததும். சூரியன் ஏறுவதற்குள் போனால் குளிரில் அவை அசையாமல் இருக்கும் என்று தெரிந்துகொண்டாள். மூச்சை அடக்கி, துணிக்கடியில் ஊசி தேடுகிற கைபோல மெல்ல மெல்ல நகர வேண்டும். படம் தெளிய ஆரம்பித்தது. ஆனால் அந்த மஞ்சள் தட்டான் மட்டும் சரியாகக் கிடைக்கவில்லை. கிடைத்ததாக நினைத்துக் கொண்டுவந்து காட்டினாலும் அவர் தலையை ஆட்டிவிடுவார். இல்லை. மறுபடி போ.

ஒரு காலையில் அது அவளுக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தது. பக்கவாட்டில், கைக்கெட்டும் தூரத்தில். படத்தை எடுத்துவிட்டுப் பார்த்தாள். மஞ்சள் உடம்பில் அங்கங்கே செம்மை ஏறிக்கொண்டிருந்தது, சாயம் சரியாகப் பிடிக்காத துணிபோல. அவளுக்குச் சட்டென்று விளங்கியது. இது வேறு எதுவும் இல்லை. சிவப்புத் தட்டானின் குமரப் பருவம். மஞ்சளாகத் தொடங்கி, வளர வளரச் சிவக்கிறது. பள்ளத்தில் எங்கே பார்த்தாலும் இருக்கிற அதே சாதாரணச் சிவப்புத் தட்டான். அவர் நூறு தடவை படம் எடுத்தது. முதல் நாளே அவள் விரல் வைத்த பக்கம்.

வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் புத்தகத்தைத் திறந்து அவர் மடியில் வைத்தாள். "இதான்னு உங்களுக்கு அன்னைக்கே தெரியும்ல? தெரிஞ்சுக்கிட்டே என்னைச் சேத்துல உருள விட்டீங்களா?"

அவர் படத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். களவு பிடிபட்ட பிள்ளையின் முகம் வந்தது. பிறகு சிரிப்பு வெடித்தது. மேசையில் அடி மேல் அடி. "அதான்! அதான்!" இருமல் வந்து, அவள் முதுகைத் தடவிவிடும்வரை சிரித்தார்.

"நல்ல ஆளுய்யா நீங்க" என்றாள். எதற்காக அனுப்பினார் என்று அவள் பல விதமாக யோசித்துப் பார்த்தாள். தான் கண்ட சுகத்தை இவளும் காணட்டும் என்று நினைத்திருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலையிலாவது இவள் தன்னைக் கொஞ்ச நேரம் தனியாக விட்டுத் தொலையட்டும் என்றும் நினைத்திருக்கலாம். இரண்டாவதை நினைத்தபோது அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. அப்போது.

தேட வேண்டியது எதுவும் இல்லை என்றான பிறகும் அவள் பள்ளத்துக்குப் போனாள். வெயில் ஏறித் தட்டான்கள் கலைந்த பிறகும் உட்கார்ந்திருந்தாள். அங்கே யாருக்கும் வாய் துடைத்துவிட வேண்டாம். யாரையும் தூக்கிக் கழிவறைக்கு நடத்த வேண்டாம். ஒருநாள் வழக்கமான பேருந்தை வேண்டுமென்றே தவறவிட்டாள். அக்கா காத்திருப்பாள் என்று தெரிந்தும், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று உட்கார்ந்திருந்தாள். அப்படி உட்கார்ந்திருக்கும்போதுதான் அந்த நினைப்பு வந்தது. இப்படித்தானே அவரும் உட்கார்ந்திருப்பார்? வீட்டுக்குப் போக மனசில்லாமல்?

அந்த வாரம் முழுக்க அது அவளை அரித்தது. இயந்திரத்தை மிதித்துக்கொண்டிருக்கும்போது தையல் கோணியது. ஒருநாள் சாயந்திரம், கணினியைத் திறக்காமல் அவர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஒண்ணு கேட்கட்டுமா? கோவிச்சுக்க மாட்டேன். சத்தியமா. அங்க போய் உட்கார்ந்தா எனக்கே வீட்டுக்கு வர மனசு வரலங்க. நீங்களும் அப்படித்தானா? என்கிட்ட இருந்து தப்பிச்சாப் போதும்னுதான் இத்தனை வருஷமும் ஓடினீங்களா?"

அவர் அவளையே பார்த்தார்.

"அதான்" என்றார்.

"ஆமாங்கிறீங்களா? இல்லங்கிறீங்களா?"

"அதான்… அதான்…" அவர் குரல் உயர்ந்தது. உதடு குவிந்தது, எதையோ பிடிக்கப் போனது, நழுவவிட்டது. அவள் அவர் இடது கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் எடுத்துக்கொண்டாள்.

"ஆமான்னா அழுத்துங்க."

அழுத்தினார்.

அவள் தன் பிடியைத் தளர்த்தி, மறுபடி பிடித்துக்கொண்டாள். பிறகு, "இல்லன்னா அழுத்துங்க" என்றாள்.

இன்னும் பலமாக அழுத்தினார்.

அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அழுதால் துக்கம் என்று அர்த்தமில்லை என்று பயிற்சிப் பெண் சொல்லியிருந்தாள். அவர் கையை விடுவித்துக்கொண்டு, அவள் கழுத்தில் தொங்கிய அளவு டேப்பின் நுனியைப் பிடித்து இழுத்தார். கிட்டே வா என்றா, போதும் விடு என்றா என்று தெரியவில்லை. ஒரு பூச்சி விஷயத்தில் அவர் சிரிப்பை அவளால் எழுத்துக்கூட்டிப் படிக்க முடிந்தது. இதைப் படிக்க முடியவில்லை. முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டு, "சரி விடுங்க. நான் ஒரு கூறுகெட்டவ. இப்பப் போய் இதைக் கேட்கிறேன்" என்றாள். கணினியைத் திறந்தாள். அன்று அவர் எந்தப் பக்கத்துக்கும் மேசையைத் தட்டவில்லை.

மழைக்காலம் தொடங்கியபோது பக்கவாதம் இரண்டாவது முறை வந்தது. ஒரு சாதாரண மதியம். உள்ளறையில் அவர் சாப்பிட்டுத் தூங்குகிறார் என்று நினைத்துக்கொண்டு, முன்னறையில் அவள் ஒரு பள்ளிக்கூட யூனிஃபார்முக்கு அடி மடித்துக்கொண்டிருந்தாள். தேநீரோடு போய்த் தொட்டபோது கை குளிர்ந்திருந்தது. எப்போது போனார் என்று யாருக்கும் தெரியாது. இயந்திரச் சத்தத்தில் அவர் கூப்பிட்டிருந்தாலும் கேட்டிருக்காது. அதை அவள் மகளிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள். "கூப்பிட்டிருப்பாருடி. எனக்குத்தான் கேட்கல."

"அப்படியெல்லாம் நினைக்காதம்மா. தூக்கத்துலயே போயிருப்பாரு."

மாப்பிள்ளையும் மகளும் காரியங்களை முடித்துவிட்டு, தங்களோடு வந்துவிடச் சொன்னார்கள். வருகிறேன், கையில் இருக்கிற துணிகளைக் கொடுத்து முடித்துவிட்டு வருகிறேன் என்றாள். துணிகள் வந்துகொண்டே இருந்தன. அவளும் வேண்டாம் என்று யாரையும் திருப்பி அனுப்பவில்லை.

மழை ஓய்ந்த ஒரு ஞாயிறு அவள் கேமராவோடு பள்ளத்துக்குப் போனாள். தண்ணீர் கரைவரை ஏறியிருந்தது. தூண்டில்காரர் கையை உயர்த்தி, "ரொம்ப நாளாச்சேம்மா. சார் நல்லா இருக்காரா?" என்றார். அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அவள் சொன்னாள். அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். இரண்டு பேரும் தண்ணீரைப் பார்த்தார்கள்.

"நல்ல மனுஷன்மா. அதிகம் பேச மாட்டாரு. ஆனா வரும்போதே சிரிச்ச முகமாத்தான் வருவாரு. தூரத்துல இருந்தே கையைக் காட்டுவாரு."

 கேட்கலாமா வேண்டாமா என்று இருந்தது. கேட்டுவிட்டாள்.

"கிளம்பும்போது எப்படி இருப்பாரு?"

"கிளம்பும்போதா?"

"ஆமா. வீட்டுக்குக் கிளம்பும்போது. முகம் எப்படி இருக்கும்?"

தூண்டில்காரர் உண்மையாகவே யோசித்தார். புருவத்தைச் சுருக்கி, கோரையைப் பார்த்து, சார் வாராவாரம் நடந்துபோன மண்பாதையைப் பார்த்து யோசித்தார். "தெரியலையேம்மா" என்றார் கடைசியில், ஏதோ தப்புச் செய்துவிட்டவர்போல. "அந்த நேரத்துல நான் தூண்டில் மிதப்பைத்தான் பார்த்துக்கிட்டு இருப்பேன்."

"பரவால்ல" என்றாள்.

அவர் தன் பக்கத்தில் இருந்த வாளியைக் கவிழ்த்துப் போட்டு, உட்காரச் சொன்னார். அவள் உட்கார்ந்தாள். எதிர்க்கரையில் நீலமாக ஒன்று வந்து உட்கார்ந்தது. அவளுக்கு அதன் பெயர் தெரியும். கேமராவை எடுக்கவில்லை. வெயில் ஏறியது. தட்டான்கள் கலைந்து தண்ணீர்மேல் போயின. தூண்டில்காரர் எதுவும் பிடிபடாமல் சாமான்களைக் கட்டிக்கொண்டு விடைபெற்றுப் போனார். அதற்கும் பிறகு நெடுநேரம் கழித்துத்தான் அவள் எழுந்தாள்.

நிறுத்தத்தில் முதல் பேருந்து வந்து நின்றது. நடத்துநர் எட்டிப் பார்த்து, "வரீங்களாம்மா?" என்றார். அவள் இல்லை என்று தலையாட்டினாள். வீட்டில் யாரும் காத்திருக்கவில்லை. அவசரம் என்று ஒன்று இனி இல்லை. அடுத்த பேருந்து வர வெகுநேரம் ஆனது. அதில் ஏறி, ஜன்னலோரமாக உட்கார்ந்து, கேமராவை மடியில் வைத்துக்கொண்டாள்.